பழைய பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில் பெரியகுளத்து வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் படித்தேன். ஏழு வருடமான பெட்ரோல் கார், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது, மைலேஜ் குறைந்துவிட்டது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி கொடுக்கிற நான்கு ஸ்பார்க் பிளக்கையும் இரிடியம் முனை வைத்ததாக மாற்றுங்கள், மைலேஜும் இழுவையும் கூடும், 10,000 கி.மீ.க்கு ஒருமுறை கழற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். அதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதல் பிழையால் பணம் வீணாகும். இரண்டாவது பிழையால் இன்ஜினுக்கே கேடு வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

தேனியில் எங்கள் குடும்பத்துக்குக் கார் ஸ்பேர்ஸ் கடை இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. 21 வருடமாகக் கவுண்டரில் நிற்பது நான்தான். ஸ்பேனர் பிடித்து வண்டி வேலை செய்ததில்லை. ஆனால் கழற்றிய பிளக்கை என் அளவுக்குக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் இந்த ஊரில் குறைவாகத்தான் இருப்பார்கள். பிளக் வாங்க வருகிறவர் நம்பர் சொல்ல மாட்டார். பழையதைச் செய்தித்தாளிலோ கைக்குட்டையிலோ சுற்றிக் கொண்டுவந்து வைத்து, "இதே மாதிரி நாலு குடுங்கக்கா" என்பார். பழைய மாருதி 800, ஆம்னி என்றால் மூன்று. அந்த சாம்பிளை வாங்கிப் பார்க்காமல் நான் புதுசை எடுத்து வைப்பதில்லை. மாமனார் கடை வைப்பதற்கு முன்னால் கடிகாரம் பழுது பார்த்தவர். கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அவருடைய லென்ஸ் இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது. அதை வைத்துத்தான் பார்ப்பேன்.

புதுப் பிளக்கை லென்ஸில் பார்த்தால் நடு முனை, சாதாரண நிக்கல் பிளக்கில் 2.5 மி.மீ. தடிமனில், வெட்டி வைத்த ஆணி போலத் தட்டையாக இருக்கும். விளிம்பு கூராக இருக்கும். மேலே வளைந்து நிற்கிற எர்த் கம்பியிலும் அதே மாதிரி நேர் விளிம்பு. 30,000 கி.மீ. ஓடிய பிளக்கைப் பாருங்கள். ஆணித் தலை வாயில் போட்டுச் சப்பிய மிட்டாய் மாதிரி உருண்டிருக்கும். எர்த் கம்பியின் அடியில் ஒரு குழி விழுந்திருக்கும். 0.8 மி.மீ. இருந்த இடைவெளியை பீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு வைத்து அளந்தால் 1.1 வரும்.

இந்த 0.3 மி.மீ. எங்கே போனது? பொறி விழுகிற ஒவ்வொரு முறையும் அது தொட்ட இடத்தில் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு உருகி ஆவியாகிறது. எரியும் பெட்ரோலின் சூடும் வாயுவும் சேர்ந்து மேற்பரப்பை அரித்துக்கொண்டே இருக்கின்றன. எத்தனை பொறி என்று பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒருநாள் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. அதாவது நிமிடத்துக்கு 1,000. அந்த ஒரு நிமிடத்தில் வண்டி போவது ஒரு கிலோமீட்டர். ஆக, கிலோமீட்டருக்கு ஆயிரம் பொறி. 30,000 கி.மீ.க்கு 3 கோடி. 0.3 மி.மீட்டரை 3 கோடியால் வகுத்தால், ஒரு பொறிக்குச் சராசரியாக ஓர் அணுவின் கனம்கூடத் தேயவில்லை என்று சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தச் சின்னச் சாமானின் மேல் மரியாதையே கூடிவிட்டது.

விளிம்பு கூராக இருந்தால் மின்சாரம் எளிதாகத் தாவும். மழுங்கினால், இடைவெளியும் அகன்றால், தாவுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். பிளக்குக்கு வோல்ட்டை ஏற்றி அனுப்புகிற இக்னிஷன் காயில் தம் கட்டி அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் முடியாமல் போகும். காலைக் குளிரில், மேட்டில் அழுத்தி ஏறும்போது, ஏ.சி. போட்டு ஓவர்டேக் பண்ணும்போது, இப்படிச் சுமை வருகிற நேரம் பார்த்து பொறி விழாமல் வண்டி மிஸ் அடிக்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகும். அங்கே புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அதை எரித்து எரித்துச் சூடேறி உள்ளேயே உருகிவிடும். நானூறு, ஐந்நூறு ரூபாய் பிளக் செட்டைத் தள்ளிப்போட்டவர்கள் அதன்பின் பல ஆயிரம் செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உலோகத்துக்கு வருகிறேன். கடையில் அதிகம் பேர் கேட்பது "காப்பர் பிளக்". சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர். ஆனால் பொறி தாவுகிற இடத்தில் காப்பர் கிடையாது. காப்பர் 1,085 டிகிரியில் உருகிவிடும், பொறிக்கு முன்னால் நிற்காது. வெளியே தெரிவது நிக்கல் கலவை. அதன் உள்ளே, பென்சிலுக்குள் கரி இருக்கிற மாதிரி காப்பர் ஓடுகிறது. முனையில் ஏறும் சூட்டை மேலே இழுத்துவிடுவது அதன் வேலை. நிக்கல் உருகுவது 1,455 டிகிரியில். பிளாட்டினம் 1,768. இரிடியம் 2,446. வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்.

இரிடியம் எளிதில் தேயாது என்பதால்தான் அதை ஊசி மாதிரி மெல்லியதாக, 0.4, 0.6 மி.மீ. அளவில் செய்து வைக்க முடிகிறது. நிக்கலை அவ்வளவு மெல்லியதாகச் செய்தால் சீக்கிரமே கரைந்துபோகும். மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த வோல்ட்டிலேயே தாவும். அப்புறம், முனையில் உலோகம் கொஞ்சமாக இருப்பதால், பற்றுகிற சின்னச் சுடரின் சூட்டை அது உறிஞ்சிக்கொள்வதும் குறைவு. வெறும் இரிடியம் அதிகச் சூட்டில் காற்றோடு சேர்ந்து ஆவியாகும் என்பதால் அதில் ரோடியம் என்ற இன்னொரு உலோகத்தையும் கலக்கிறார்கள். பிளாட்டினத் தாதுவை அமிலத்தில் கரைத்த பின் மிஞ்சிய கறுப்பு மண்டியிலிருந்து ஸ்மித்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேயர் 1803-ல் கண்டுபிடித்த உலோகம் இது. அதன் உப்புகள் பல நிறத்தில் இருந்ததால் கிரேக்கர்களின் வானவில் தேவதை பெயரை வைத்தாராம். இன்றைக்கும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களில் கூடவே கிடைப்பதுதான். விலைக்குக் காரணம் அதுதான்.

இவ்வளவு நல்ல பொருளாயிற்றே, அப்படியென்றால் மைலேஜ் கூடாதா என்று கேட்பீர்கள். கூடியது என்று சொல்லி என்னிடமே சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர்கள் கழற்றிக் கொண்டுவந்தவை 40,000, 50,000 கி.மீ. ஓடி உருண்டுபோன நிக்கல் பிளக்குகள். அந்த இடத்தில் புது நிக்கலை மாட்டியிருந்தாலும் விட்டுப்போன மைலேஜ் திரும்பி வந்திருக்கும். இரண்டும் புதுசாக, இன்ஜினும் ஒழுங்காக இருக்கும்போது தினப்படி ஓட்டத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இரிடியத்துக்குக் கொடுக்கிற கூடுதல் காசு ஆயுளுக்குக் கொடுக்கிற காசு. நிக்கல் 30,000 வாக்கில் மழுங்கும், இரிடியம் ஒரு லட்சம் கி.மீ. வரை முனை கெடாமல் நிற்கும். பிளாட்டினம் நடுவில்.

எங்கள் கடை விலையில் நிக்கல் ஒன்று நூற்றுச் சொச்சம். இரிடியம் ஐந்நூறு, அறுநூறுக்கு மேல். மாதம் மூவாயிரம் கி.மீ. ஓட்டுகிற வாடகைக் கார்க்காரருக்கு இரிடியம் லாபம். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வருடம் 4,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு ஒரு லட்சம் கி.மீ. முடிய 25 வருடம் ஆகும். கம்பெனி நிக்கல் போட்டுக் கொடுத்த வண்டி என்றால் அவர் நிக்கலிலேயே இருக்கலாம். ஆனால் கம்பெனியே இரிடியம் போட்டுக் கொடுத்த வண்டிக்குக் காசு மிச்சம் என்று நிக்கல் மாட்டாதீர்கள். அந்த வண்டியின் காயில், இடைவெளி, சர்வீஸ் கணக்கு எல்லாமே மெல்லிய முனையை நம்பிச் செய்தவை. ஒரே காயிலில் இரண்டு பிளக்குக்குக் கரண்ட் போகும் வண்டிகளும் உண்டு. அவற்றில் ஒரு பிளக்கில் நடுமுனையிலிருந்து எர்த்துக்குத் தாவினால், ஜோடிப் பிளக்கில் எர்த்திலிருந்து நடுமுனைக்குத் தாவும். ஒன்றில் நடுமுனை அதிகம் தேயும், மற்றதில் எர்த் கம்பி அதிகம் தேயும். அதற்காகத்தான் இரண்டு பக்கமும் பிளாட்டினம் வைத்த பிளக் வருகிறது. அந்த இடத்தில் ஒரு பக்கம் மட்டும் வைத்ததை மாட்டினால் பாதி வேலைதான் நடக்கும்.

இனி அந்தச் சுத்தம் செய்கிற விஷயம். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

போன வருடம் ஐப்பசியில், சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மூணாறில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார். போடிமெட்டு ஏற்றத்தில் பாதி வழியில் வண்டி வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்திருக்கிறது. (அது விட்டு விட்டு எரிந்தால் மிஸ் அடிக்கிறது, கன்வெர்ட்டர் கெடப்போகிறது என்று அர்த்தம். மிதியைத் தளர்த்தி ஓரம் கட்டிவிட வேண்டும்.) மழை வேறு. பேரக்குழந்தைகள் இரண்டும் பின்சீட்டில். எப்படியோ வண்டியைத் திருப்பி இறக்கி ஊர் வந்து சேர்ந்தார். மறுநாள் மாத்திரை டப்பாவில் நான்கு பிளக்கையும் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். "எல்லாம் இரிடியம்மா, இன்னும் அறுபதாயிரம்கூட ஓடல, அதுக்குள்ள போயிடுச்சு" என்று வருத்தப்பட்டார்.

லென்ஸை மாட்டிப் பார்த்தேன். ஒன்றில் முனையே இல்லை. 0.6 மி.மீ. ஊசி இருந்த இடத்தில் வெல்டிங் அடையாளம் மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. இன்னொன்றில் ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான்கிலும் பீங்கானில் சாம்பல் நிறத்தில் நீளக் கோடுகள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த தடம். எர்த் கம்பியில் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பிய காயம். "சமீபத்துல சர்வீஸ் விட்டீங்களா சார்?" என்றேன். விட்டிருக்கிறார். பிளக் கிளீனிங் என்று பில்லில் தனி வரியே இருந்தது. எந்த இடம் என்பது இங்கே முக்கியமில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்ததல்ல அது. அந்தப் பிளக்குகள் தேய்ந்து போகவில்லை. தேய்த்துத்தான் போயின.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாமனார் காலத்தில் அம்பாசிடரும் பியட்டும்தான். பிளக் என்றால் மைக்கோ. 1951-ல் ஆரம்பித்த அந்தப் பெங்களூர்க் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிய பிறகும் எங்கள் பெரியவர்கள் "மைக்கோ நாலு" என்றுதான் கேட்டார்கள். அப்போது இன்ஜினில் கார்புரேட்டர், பாயிண்ட், கண்டன்சர் என்று பழைய ஏற்பாடு. பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. ஐயாயிரம் கி.மீ.க்குள் பிளக்கில் கரியும் ஈயப் படிவும் அப்பிக்கொள்ளும். கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, கம்பி பிரஷ் போட்டு, எமரி பேப்பரில் முனையைத் தேய்த்து விளிம்பு எடுத்து, இடைவெளியை (கேப்) சரியாக வைத்து மாட்டுவார்கள். 2.5 மி.மீ. நிக்கலுக்கு அது சரியான வைத்தியம். மாமனார் அதைச் செய்ததைப் பார்த்துத்தான் நானும் கற்றேன். அதே கை 0.6 மி.மீ. ஊசியைத் தொடும்போது ஒடிந்துவிடுகிறது. இரிடியத்தை, பிளாட்டினத்தைத் தேய்க்கவே கூடாது. கேப் வைக்கிறேன் என்று நடுமுனையில் முட்டுக்கொடுத்து நெம்பவும் கூடாது. கரி பிடித்திருந்தால், கரி ஏன் பிடித்தது என்று பார்க்க வேண்டும்.

நல்ல இன்ஜினில் பிளக் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். முனை 450 டிகிரிக்கு மேல் சூடானால் கரி எரிந்துவிடும். 850-ஐத் தாண்டினால் வேறு ஆபத்து, பொறி வருவதற்கு முன்னாலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கிற கோயிலுக்கு மட்டும் காரை எடுப்பவருக்கு அந்த 450 வரவே வராது. பிளக் காய்ந்த கரியாகத்தான் வரும். அவருக்கு நான் புதுப் பிளக் விற்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை பைபாஸில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். பலருக்கு அதிலேயே சரியாகிவிடுகிறது.

சாம்பிள் பிளக்கைப் பார்த்து நான் சொல்கிற விஷயங்களில் பாதி இதுதான். பிஸ்கட் நிறமோ வெளிர் சாம்பலோ என்றால் உள்ளே ஒரு குறையும் இல்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான். காய்ந்த கறுப்பு என்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள் என்பேன். ஈரமாக, பளபளவென்று எண்ணெய்க் கறுப்பு என்றால் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ ஆயிலை விடுகிறது. எத்தனை பிளக் மாற்றினாலும் மறுபடி நனையும். பீங்கான் வெள்ளை வெளேரென்று கொப்புளம் போட்டிருந்தால் அதிகச் சூடு. தப்பான ஹீட் ரேஞ்ச் (பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் வெளியே விடுகிறது என்கிற அளவு) போட்டிருக்கலாம், கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம். ஹீட் ரேஞ்ச் நம்பரில் ஒரு குழப்பம் உண்டு. என்.ஜி.கே.யில் நம்பர் கூடினால் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் விடுவது. பாஷில் நம்பர் கூடினால் சூடான பிளக். ஒரு கம்பெனியின் 7-க்குப் பதில் இன்னொரு கம்பெனியின் 7 என்று எடுத்து மாட்டக் கூடாது.

இன்னொன்று. வெளிப் பீங்கானில், இரும்பை ஒட்டி, காப்பி நிறத்தில் ஒரு வட்டம் படிந்திருக்கும். உள்ளேயிருந்து கேஸ் லீக் ஆகிறது என்று நல்ல பிளக்கையே திருப்பிக் கொடுக்க வருகிறார்கள். லீக் இல்லை. அதிக வோல்ட்டுக்கு அங்கே காற்றில் மின்சாரம் கசிந்து, சுற்றியிருக்கிற எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைக்கிறது. துடைத்தாலும் போகாது, விட்டுவிடலாம். அதே பீங்கானில் பென்சிலால் கிழித்த மாதிரி நீளவாக்கில் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் மட்டும் விடாதீர்கள். மேலே மாட்டுகிற ரப்பர் வெடித்து, கரண்ட் வெளிவழியாகவே இறங்கியிருக்கிறது. பிளக்கோடு ரப்பரையும் மாற்ற வேண்டும்.

மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளக் மாட்டுகிற இன்ஜின் ஹெட் அலுமினியம். சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை சேர்ந்தே வந்துவிடும். ஆறவிட்டுக் கழற்றுங்கள். மாட்டும்போது கடைசி வரை கையாலேயே திருகி, வாஷர் உட்கார்ந்த பிறகு, புதுப் பிளக் என்றால் ஸ்பேனரில் அரைச் சுற்று, கொஞ்சம் கூட. வாஷர் இல்லாத, கூம்பு உட்காரும் வகைக்கு அதில் எட்டில் ஒரு பங்குகூடப் போதும். டீசல் வண்டிக்காரர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுத் தேடிக்கொண்டு வர வேண்டாம், உங்கள் வண்டியில் இருப்பது ஹீட்டர் பிளக், அது வேறு.

பெரியகுளத்து வாசகருக்கு நீங்கள் மறுபடி பதில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். அவர் வண்டியில் இப்போது என்ன பிளக் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். நிக்கல் என்றால் 62,000-ல் நிச்சயம் முடிந்திருக்கும். புது நிக்கலே போதும். இரிடியம் என்றால் அவருடைய ஸ்டார்ட்டிங் டிரபிளுக்குப் பிளக் காரணமாக இல்லாமலும் போகலாம். பேட்டரியையும் ஏர் ஃபில்டரையும் பார்த்துவிட்டு அப்புறம் கையை வைக்கலாம். கழற்றினால், எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் நூலில் சீட்டு கட்டி வைக்கச் சொல்லுங்கள். துடைக்க வேண்டாம். கரியோடு அப்படியே கொண்டு வரட்டும். லென்ஸ் டிராயரில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஸ்பேர்ஸ் கடை நடத்தும் வாசகி,
தேனி.